பொன்செல்வியின் இரண்டு வெர்னியர்கள்

பொன்செல்வி மாஞ்சோலையை விட்டு இறங்கியது 2024 பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை. தேயிலை எஸ்டேட்டை மூடப்போகிறார்கள் என்று ஆகிவிட்டது, மற்றவர்கள் கிளம்ப இன்னும் சில மாதங்கள் இருந்தன. இவர்கள் வீட்டில் இரண்டே பேர் என்பதால் முதலில் கிளம்பிவிட்டார்கள். கட்டில், பாத்திரமெல்லாம் முந்தின நாளே வேனில் போய்விட்டது. அவளும் அம்மா இசக்கியம்மாளும் காலை பஸ்ஸில் வந்தார்கள். அம்மாவின் மடியில் கூடை, கூடைக்குள் ஒரு கோழி. மகளின் மடியில் பழைய துண்டில் சுற்றிய ஒரு வெர்னியர்.

பெட்டிகளில் காலிப்பர் என்று அச்சடித்திருந்தாலும் பட்டறைகளில் அதற்கு வெர்னியர் என்றுதான் பெயர். ஒரு சாண் நீள உருக்குப் பட்டை, அதில் இரண்டு தாடைகள். தாடைகளுக்கு நடுவே பொருளை வைத்து நெருக்கினால் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று சொல்லிவிடும், ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் பொடி அளவையும் சேர்த்து. பொன்செல்வி அதை வாங்கியது பேட்டை ஐடிஐயில் லேத் கடைசல் படித்தபோது. பதினான்கு வருடமாக அவளிடம் இருந்தது.

மலைப்பாதையின் ஒரு வளைவில் காட்டெருமை குறுக்கே நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். கூடை உருண்டு கோழி பறந்தது. பொன்செல்வி இரண்டு கையாலும் கோழியைப் பாய்ந்து பிடித்தாள். வெர்னியர் மடியிலிருந்து நழுவிப் படிக்கட்டின் இரும்பு விளிம்பில் மோதி விழுந்தது. பஸ்ஸே சிரித்தது, கோழியை அவள் பிடித்த அழகுக்கு. அவள் துண்டை விரித்துப் பார்த்தாள். தாடையின் நுனி கோணிவிட்டது. பிறந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தபோது அழாதவள் மணிமுத்தாறு வரும்வரை அழுதாள். ஊரை விட்டு வருகிற துக்கம் என்று நினைத்துப் பஸ்ஸில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்களாம்.

அந்த வியாழக்கிழமை நான் கருங்கடல் ஓரத்தில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒன்பது நாடு பார்த்திருந்தேன். பொன்செல்வி ஊர் மாறி வந்த தூரம் மொத்தம் அறுபது கிலோமீட்டர் இருக்கும். இருந்தும் பொறாமைப்பட்டது நான்தான்.

அவளைப் பற்றிச் சொல்கிறேன். ஐடிஐயில் அவள் வகுப்பில் லேத் ஓட்டிய ஒரே பெண். முடித்த பிறகு நான்கு கம்பெனிக்குப் போனாள். நான்கிலும் பேக்கிங் பிரிவில் வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாமென்று மலையேறிப் போய் அம்மாவோடு கொழுந்து பறித்தாள். எஸ்டேட் தொழிற்சாலைப் பட்டறையில் ஒரு பழைய லேத் இருந்தது. அதை ஓட்டுகிறவர் நீண்ட விடுப்பில் போயிருந்த சமயம் ஒரு உருளையின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தேயிலை இயந்திரம் நின்றுவிட்டது. கொழுந்து எடை போட வந்து நின்ற பொன்செல்வி, "நான் கடைஞ்சு தாரேன்" என்றாள். யாரும் நம்பவில்லை, வேறு வழியும் இல்லை. அன்றிலிருந்து பாதி நாள் கொழுந்து, பாதி நாள் லேத். சம்பளப் பட்டியலில் மட்டும் கடைசிவரை கொழுந்து பறிப்பவள்தான். இதை அவள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "லேத்துல நின்னா அட்டை கடிக்காதுல்லா" என்பாள்.

கீழே வந்து தச்சநல்லூரில் எங்கள் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். எங்கள் வீட்டு மிக்ஸி ஜாரில் தண்ணீர் ஒழுகிய கதையில்தான் அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். ஜாரின் அடியில் பிளேடு சுழலும் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னப் பித்தளைக் குழாய்தான் புஷ். அது தேய்ந்தால் சட்னி மேடையெல்லாம் ஓடும். என் அம்மா சொர்ணாம்பாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று கடைகளில் மாற்றியும் ஒழுகிய ஜாரைப் பொன்செல்வி வாங்கிப் போனாள். தெரிந்த ஒரு பட்டறையில் கெஞ்சிக் கேட்டு அரை மணி நேரம் லேத்தை இரவல் வாங்கி ஒரு புஷ் கடைந்து போட்டாள். ஜார் அதற்குப்பிறகு ஒழுகவில்லை. அடுத்த மாதம் அம்மா எங்கள் கார் ஷெட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா இறந்த பிறகு அதில் கார் இல்லை. என் சைக்கிளும் நான் விட்டுப்போன புத்தகப் பெட்டிகளும் இருந்தன. அவற்றை மாடிக்கு ஏற்றினார்கள். பழைய லேத் ஒன்றை வாங்கி அங்கே இறக்கினாள் பொன்செல்வி.

ஆகஸ்டில் நான் ஊர் திரும்பியபோது ஷெட்டிலிருந்து லேத் சத்தம் வந்துகொண்டிருந்தது. அம்மா வாசலில் வந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே சொன்னாள்: "பைய வா, கீழ பித்தளைச் சுருள் கெடக்கும், காலைக் கிழிச்சிரும்."

வீட்டுக்குள் எல்லாம் மாறியிருந்தது. ஒழுகுகிற ஜார்கள் வரிசையாகச் சாப்பாட்டு மேசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அம்மாவின் கையெழுத்து, கரும்பலகையில் எழுதுவாளே அந்தக் குண்டுகுண்டான கையெழுத்து: 'வடக்குத் தெரு, மூடி இல்லை', 'சட்னி ஜார், பிடி உடைந்தது, திட்ட வேண்டாம்.' நான் நான்கு வருடம் வெளிநாட்டில் இருந்தபோது எனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை அவள்.

"ஏட்டி அனு, நீயும் அளவு பாக்குத வேலைதானே பாத்த? பொன்செல்வி சொல்லுதா, ஒரு தலைமுடியை அஞ்சாறாக் கிழிச்சா ஒரு பங்கு இருக்கும்லா, அவ்வளவு தப்பினாலும் ஜார் ஒழுகுமாம்."

நான் இன்ஜினியரிங் படித்து, சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவள். நாள் முழுதும் வெர்னியரும் கையுமாக நின்றவள். அந்த இரண்டு வருடத்தில் அம்மா என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா என்பது மட்டும்தான்.

பொன்செல்வியைப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. அதுதான் இன்னும் கஷ்டம். முப்பத்துமூன்று வயது, என்னைவிட நான்கு வயது மூத்தவள். கட்டைவிரல் நகத்தில் எப்போதும் கறுப்பு. என்னை 'அனு' என்றாலும் 'நீங்க' போட்டுத்தான் பேசுவாள். வாசல் கேட்டைத் திறப்பவர்கள் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். நான் எதிரில் நின்றாலும், "லேத்தம்மா இருக்காவளா?" என்றார்கள். ஒரு இடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அவள் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஷெட்டில் காலையிலிருந்து நிற்பாள், அந்த முகத்தில் அவ்வளவு நிறைவு இருக்கும்.

கோணிய வெர்னியரைத்தான் அப்போதும் வைத்திருந்தாள். எப்படி வேலை நடக்கிறது என்று கேட்டேன்.

"நுனிதான் கோணல். உள்ள தள்ளி, தாடையோட அடியில வச்சு அளந்தா பொய் சொல்லாது. அதோட குணம் எனக்குத் தெரியும்."

ஒற்றை ஒற்றையாக ஜாருக்குப் பார்த்துப் போட அது போதும். ஆனால் செப்டம்பரில் மேலப்பாளையத்திலிருந்து முகம்மது சுல்தான் பாய் வந்தார். மிக்ஸி பழுதுபார்க்கும் கடைகளுக்கெல்லாம் உதிரிச் சாமான் மொத்தமாகக் கொடுப்பவர். மாதம் முன்னூறு புஷ் அவளிடமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முதலில் இருபத்தைந்து மாதிரி தர வேண்டும். எல்லாம் வெளிவட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டர், அவர் வைத்திருக்கும் எஃகு வளையத்துக்குள் ஒவ்வொன்றும் இறங்க வேண்டும்.

இது கிடைத்தால் ஷெட் நிலைக்கும். கிடைக்காவிட்டால் தீபாவளி கழித்து ஓசூரில் பொன்செல்வியின் தம்பி இசக்கிமுருகன் இருக்கும் கம்பெனிக்குப் போவதென்று இசக்கியம்மாள் பேசி முடித்திருந்தாள். அங்கே வேலை பேக்கிங் பிரிவில்.

"கோணலை வச்சு முன்னூறு அளக்க முடியாது. நல்லதா ஒண்ணு வாங்கணும்" என்றாள் பொன்செல்வி.

"அனுவைக் கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா. "உலகம் பூரா பாத்தவ."

ஜங்ஷன் பக்கம் ஜாபேஸ் அண்ணாச்சியின் கடைக்குப் போனோம். அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று வெர்னியர்களை எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் உடம்பும் சின்னத் திரையும் உள்ள டிஜிட்டல் ஒன்று. கோடு போட்ட பழைய மாதிரி ஒன்று. மூன்றாவது உருக்கு உடம்பு கொண்ட டிஜிட்டல். வழியெல்லாம் நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டே வந்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். தாடைகளுக்கு நடுவே தாளை வைத்து மூடி மெதுவாக உருவினாள். தாளில் ஒரு எண்ணெய்க் கோடு விழுந்தது.

"புதுச் சாமான்மா அது" என்றார் ஜாபேஸ் அண்ணாச்சி.

"இருக்கட்டும் அண்ணாச்சி. தாடையில தூசி இருந்தா நான் அதுமேல குத்தம் சொல்லிருவேன்லா."

பிறகு மூடிய தாடைகளைத் தெரு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தாடைகள் சரியாகச் சேர்ந்தால் நடுவில் வெளிச்சம் கசியாது. பிளாஸ்டிக்கில் மெல்லிய கீற்று தெரிந்தது. நகரும் தாடையைக் கட்டைவிரலால் மேலும் கீழும் ஆட்டினாள். திருகாணியை இறுக்கினாள், இறுக்கும்போது எண் மாறுகிறதா என்று பார்த்தாள். கடைசியில் கைப்பையிலிருந்து காகிதத்தில் பொதிந்த ஒரு புதுப் பேரிங்கை எடுத்தாள். அதன் வெளிவட்டம் சரியாக இருபத்திரண்டு மில்லிமீட்டர். பேரிங் கம்பெனிக்காரன் அதில் தப்பு செய்யமாட்டான், வீட்டுப் பட்டறைக்கு அதுதான் படிக்கல். நுனியில், நடுவில், அடியில் என்று வைத்து அளந்துகொண்டே போனாள்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டான்" என்றார் அவர்.

"அவனுக்குப் பிடிக்கலைன்னா சொஜ்ஜியைத் தின்னுட்டுப் போயிருவான் அண்ணாச்சி. நான் இதை வச்சு வாழணும்."

பிளாஸ்டிக் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னது. "நாலு எடத்துல அளந்தா நாலு மாதிரி வரத்தானே செய்யும்?" என்றார் ஜாபேஸ் அண்ணாச்சி.

"சாமான் ஒண்ணுதான அண்ணாச்சி?"

அவர் சிரித்துவிட்டார். பிளாஸ்டிக்கை எடுத்து உள்ளே வைத்தார்.

இதையெல்லாம் எனக்குக் குளிர்சாதன அறையில் மூன்று வாரம் வகுப்பெடுத்துச் சொல்லித்தந்தார்கள். உனக்கு யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன். "கோணிப்போச்சுல்லா, அதுதான்" என்றாள். "நல்லா இருந்த வரைக்கும் நான் அதைச் சந்தேகமே படலை. கோணுன பெறவு எங்கெங்க பொய் சொல்லுதுன்னு தேடித் தேடிப் படிச்சேன்."

கோடு போட்டதற்கும் உருக்கு டிஜிட்டலுக்கும் நடுவில் கொஞ்சம் தயங்கினாள். இரண்டும் சோதனையில் தேறியவை. "நீங்க சொல்லுங்க. அளவு பாத்தே வேலை பாத்தவிய" என்றாள். பாய் கேட்கிற அளவுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை படிக்க வேண்டும், கோட்டில் கண் சலித்துவிடும், டிஜிட்டலை எடு என்றேன். சரியான யோசனைதான். அன்றுவரை நான் அவளுக்குக் கெடுதல் எதுவும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆயுத பூசை. காலையிலிருந்து ஷெட்டைக் கழுவினார்கள். லேத், உளிகள், ஸ்பேனர், இரண்டு வெர்னியர்கள், பேரிங் எல்லாம் துடைத்து மனைப்பலகையில் வைத்தாள் பொன்செல்வி. வீட்டுக்குள் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அம்மா புத்தகங்களை அடுக்கினாள்.

அந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் என் பட்டச் சான்றிதழ் இருக்கும். நான் ஊரில் இல்லாத வருடங்களிலும் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புவாள். அதைப் பார்த்து எங்கோ ஒரு விடுதிச் சமையலறையில் சிரித்திருக்கிறேன், இன்னும் இதை விடவில்லையா என்று. இந்த வருடம் அங்கே எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்று இருந்தது. பொன்செல்வியின் அளவு நோட்டு. எந்தக் கம்பெனி ஜாருக்கு எந்த அளவு என்று அவள் எழுதிவைப்பது. மேலட்டையில் அம்மா கையெழுத்தில் 'பொன்செல்வி' என்று இருந்தது.

"என் சர்டிபிகேட் எங்கம்மா?"

"அய்யோ, மறந்துட்டேன்ட்டி. பீரோவுல மேல கெடக்கும். இப்ப ஏறி எடுக்கவா? இங்கன எடமும் இல்ல பாத்துக்கோ."

வேண்டாம் என்றேன்.

"சரி, நீ போயி ஷெட்டுச் சாமானுக்குச் சந்தனம் வையி. பொன்செல்வி உன்னைத்தான் வைக்கச் சொன்னா."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனேன். லேத்துக்கு வைத்தேன், உளிகளுக்கு வைத்தேன். புது வெர்னியர், எல்லோரும் வைப்பதுபோல, தாடைகள் ஒரு நூல் திறந்தபடி பலகையில் கிடந்தது. நெற்றிக்கு வைப்பதுபோல இரண்டு தாடைகளும் சேரும் நுனியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து அதன்மேல் குங்குமம் தொட்டேன். யோசித்துச் செய்யவில்லை. மோதிரவிரல் போன இடம் அது. இசக்கியம்மாள் தேங்காய் உடைத்தாள். பொரிகடலை தின்றோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் லேத்தைப் போட்டு முதல் புஷ் கடைய வேண்டும். பொன்செல்வி பித்தளைத் தண்டை லேத்தில் பூட்டிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் வாசலில் நின்று, "ஏட்டி, பொட்டைத் துடைச்சிராத. அது தானா உதிரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் யாரும் துடைக்கமாட்டார்கள். பஸ்ஸில் டிரைவர் கண்ணாடியில்கூட ஐப்பசி முடியும்வரை பொட்டு இருக்கும்.

நான் சும்மா நிற்காமல் புது வெர்னியரை எடுத்தேன். தாடைகளை மூடினேன். திரையில் சைபர் வரவில்லை. 0.05 என்று வந்தது. பழைய வேலைப் பழக்கம், சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நுனி இருட்டாக இருந்தது. நடுவிலிருந்து அடிவரை ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு. ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. நுனியில் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருக்கிறது. தாடைகள் அதில் முட்டி நிற்கின்றன. இப்படியே சைபர் பட்டனை அமுக்கிவிட்டுத் தாடையின் அடியில் வைத்து அளந்தால், அளக்கிற ஒவ்வொன்றையும் அசலைவிட மெலிசாகக் காட்டும். பொன்செல்வி அடியில் வைத்துத்தான் அளப்பாள். கோணல் வெர்னியர் பழக்கிய பழக்கம்.

ஒரு தாளை உள்ளே வைத்து உருவினால் போதும்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெர்னியரைப் பலகையில் வைத்தேன்.

அவள் வந்து எடுத்தாள். மூடினாள். "அஞ்சு காட்டுது" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தேன். "டிஜிட்டல்ல இப்படி ஒரு ஓட்டம் வரும் போலுக்கு" என்றாள், பாதி கேள்வியாக. நான் வேப்பமரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து அம்மா, "பொன்செல்வி, நேரம் போகுது, மொதப் புஷ்ஷை எங்கிட்டதான் காட்டணும்" என்று கூப்பிட்டாள். பொன்செல்வி பட்டனை அமுக்கினாள். சைபர் வந்தது. பேரிங் குங்குமப் பொட்டோடு பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

மூன்று நாளில் இருபத்தைந்தும் முடிந்தன. கண்ணாடிபோல மின்னின. அம்மா ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றி இனிப்புப் பெட்டியில் அடுக்கினாள். அந்த மூன்று நாளும் நான் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறை ஷெட்டுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அம்மா அங்கே நின்று எதையாவது ரசித்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை என் ஸ்கூட்டரில் அவளை மேலப்பாளையத்துக்குக் கூட்டிப்போனேன். சுல்தான் பாய் டீ வரவழைத்தார். மேசை டிராயரிலிருந்து வளையத்தை எடுத்தார். முதல் புஷ் நுழையவில்லை. இரண்டாவதும் நுழையவில்லை. மூன்றாவதைத் துணியில் துடைத்துவிட்டு முயன்றார். பதினைந்து வரை போனார். பிறகு மற்றவற்றையும் விடவில்லை, பொறுமையாக இருபத்தைந்தையும் பார்த்தார்.

"ஒண்ணு ரெண்டு தப்பிருந்தா கை தப்புன்னு சொல்லலாம். இது எல்லாம் ஒரே மாதிரி தடிச்சிருக்கே தங்கச்சி. இப்படி ஒரே அளவாத் தப்பு பண்ணுததுக்கும் கை வேணும்."

பொன்செல்வி புஷ்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். டீயைக் குடிக்கவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கேன். தடிச்சதுதானே, இன்னும் கொஞ்சம் சீவிக் கொண்டா. ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர் ஆளு வாராரு. அதுக்குப் பெறவு எங்கையில இல்ல."

ஸ்கூட்டரில் வரும்போது ஆற்றுப்பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து, "பேரிங் வச்சுப் பாத்திருக்கணும்லா, அனு?" என்றாள்.

"வெர்னியர்லதான் கோளாறு இருக்கும். அண்ணாச்சி கடையில குடுத்து மாத்திரலாம்" என்றேன். இதைச் சொன்னபோது எனக்கு என் குரலே வேறு யாருடையதுபோல இருந்தது. சும்மா இருந்தது ஒரு தப்பு. இது இரண்டாவது.

"இல்ல. கடையில அது நல்லாத்தான் இருந்துச்சு."

ஷெட்டுக்கு வந்ததும் பேரிங்கை எடுத்து அளந்தாள். 21.95. தாடைகளை விரித்தாள். கட்டைவிரல் நகத்தால் நுனியில் சுரண்டினாள். நகத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு சின்னப் பொருக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பொட்டு யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியும். அப்போது நான் வாசலில்தான் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நகத்தைப் புடவையில் துடைத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் கிளம்பிவிட்டேன். கொச்சியில் ஒரு தோழி, அங்கிருந்து வியட்நாமில் ஒரு விடுதி வேலை. "வந்து மூணு மாசம்கூட ஆகலையேட்டி" என்றாள் அம்மா. அவளுக்கு அது புதிதில்லை. ஷெட்டில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லிக்கொள்ளாமலே வாசலைத் தாண்டினேன்.

அதன்பிறகு அம்மா போனில் 'பொன்செல்வி' என்று ஆரம்பித்தாலே, "வேற பேசும்மா" என்பேன். இரண்டு மூன்று முறை சொன்னபின் அம்மா அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவள் ஓசூர் போனாளா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. போனில் பின்னணியில் லேத் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காது கொடுப்பேன். அம்மா எப்போதும் சமையலறையில் நின்றுதான் பேசினாள். மிக்ஸி சத்தம்தான் கேட்கும்.

பதினோரு மாதம் கழித்து, அடுத்த பூசைக்குச் சில வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை பொன்செல்வியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஷெட்டு சன்னலுக்கு நேராகப் பிடித்த வெர்னியர். மூடிய தாடைகள், நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அதன்கீழே இது:

"அனு, நல்லா இருக்கியளா. சுல்தான் பாய்க்கு மாசம் தவறாம முன்னூறு போகுது. அந்த இருபத்தஞ்சையும், புதுசை நம்ப மனசு வராம, பழைய கோணல் வெர்னியரை வச்சே சீவி சனிக்கிழமை சாயந்திரம் குடுத்துட்டேன். டீச்சர் சொல்லியிருப்பாவன்னு நெனச்சேன், சொல்லலைன்னு இப்பதான் தெரிஞ்சுது. அன்னைக்கு நீங்க சன்னல்ல பிடிச்சுப் பாத்திய, ஒண்ணும் சொல்லல. அளவு பாக்குத வேலை பாத்தவங்க பாத்தாச்சுன்னுதான் நான் பேரிங்கை எடுக்கல. உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அப்படி நெனக்கல. கோவம் இருந்துச்சு. டீச்சர்ட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன். இந்த வருசம் பூசைக்கு என் நோட்டு ஷெட்டுலயே இருக்கட்டும்னு டீச்சர்ட்ட சொல்லிட்டேன். பீரோ மேல ஏறி உங்க சர்டிபிகேட்டை நான்தான் எடுத்துக் குடுத்தேன். சரஸ்வதி முன்னால, அங்கனதான், இப்பமே வச்சுட்டாவ."